மோட்டார் சுவிட்ச்

திருவல்லிக்கேணியில் நாங்கள் மாடியில் குடியிருந்தோம், வீட்டுக்காரர் கீழே. மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரின் சுவிட்ச் அவருடைய கூடத்தில், சாமி படங்களுக்குப் பக்கத்தில் இருந்தது. காலையில் அரை மணி நேரம், சாயங்காலம் அரை மணி நேரம் போடுவார். அந்தச் சத்தம் கேட்டால்தான் அம்மா பாத்திரம் தேய்க்க உட்காருவாள்.

1991இல் அம்மாவுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்தது. அப்பா கடன் வாங்கித்தான் ஆஸ்பத்திரிக்குக் கட்டினார். இரண்டு மாத வாடகை நின்றுபோனது. மூன்றாவது மாதம் ஐந்தாம் தேதி மோட்டார் சத்தம் கேட்கவில்லை. அப்பா கீழே போய்க் கேட்டார். "மோட்டார் ரிப்பேர் சார், ஆள் வரணும்" என்றார் வீட்டுக்காரர். மூன்று நாள் ஆள் வரவில்லை. தெருமுனை அடிபம்பில் அப்பா அடிக்க அடிக்க நான் குடம் சுமந்து மாடி ஏறினேன். எனக்குப் பன்னிரண்டு வயது. நான்காம் நாள் அப்பா எங்கிருந்தோ ஒரு மாத வாடகையைப் புரட்டிக் கொடுத்தார். அன்று சாயங்காலமே மோட்டார் ஓடியது.

வாடகைக்கு இருப்பவர்களைக் காக்க 1960இலேயே தமிழ்நாட்டில் சட்டம் இருந்தது. அதைப் பற்றிப் பிற்பாடு ஒருமுறை கேட்டபோது அப்பா சொன்னார்: "கோர்ட்டுக்குப் போனவன்னு பேர் வந்துட்டா அடுத்த வீட்டை எவன்டா குடுப்பான்?"

இப்போது நான் வீட்டுக்காரன். கனடாவில், ஸ்கார்பரோவில், வரிசை வீடுகளில் ஒன்று என் பெயரில் இருக்கிறது. அதில் குடியிருந்த ஒரு குடும்பத்தைப் பற்றியும், 2024 ஜனவரியில் ஓர் இரவு நான் என்ன செய்தேன் என்பதைப் பற்றியும்தான் எழுத உட்கார்ந்தேன்.

வின்ட்சரில் முதுகலை படிக்க வந்து, வேலை கிடைத்து டொராண்டோ பக்கம் நகர்ந்து, நான்கு வருடம் பேஸ்மென்ட்களில் வாழ்ந்தவன் நான். வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி எப்போதும் மேல் வீட்டில்தான் இருக்கும். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டே தூங்கிப் பழகினேன். 2011இல் அந்த வரிசை வீட்டை வாங்கினோம். பிள்ளைகள் வளர்ந்து இடம் போதாமல் ஏஜாக்ஸில் வேறு வீட்டுக்குப் போனபோது பழையதை விற்கவில்லை. நம் ஆட்கள் எல்லாரும் செய்கிற கணக்குதான். வாடகை கடனைக் கட்டிவிடும், இருபது வருடத்தில் வீடு மிச்சம், பிள்ளைகளின் படிப்புக்கு ஆயிற்று.

அந்தக் கணக்கில் வராதவை நிறைய என்பது சீக்கிரமே தெரிந்தது. முதலில் வந்தவர்கள் மாணவர்கள். இருவர் என்று கையெழுத்துப் போட்டார்கள். ஒரு பனிநாளில் போனபோது வாசலில் ஏழு ஜோடி பூட்ஸ் இருந்தது. சமையலறைத் தொட்டிக் குழாயில் ஒரு வருடத்து எண்ணெய் உறைந்து கல்லாகியிருந்தது. தாளிக்கும்போதெல்லாம் அலறுகிறது என்று புகை எச்சரிக்கைக் கருவியின் பேட்டரியைக் கழற்றி அலமாரியில் வைத்திருந்தார்கள். காலி செய்து போனபோது இரண்டு கதவுகள் உடைந்திருந்தன. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்பது எழுதப்படாத சட்டமாக இருந்த காலத்தில் வளர்ந்தவன் நான். ஒன்டாரியோவில் சேதத்துக்கென்று முன்பணம் வாங்கவே கூடாது. கடைசி மாத வாடகையை மட்டும் முன்கூட்டி வாங்கிக்கொள்ளலாம். அதையும் கடைசி மாத வாடகைக்குத்தான் கழிக்க வேண்டும், கதவுக்குக் கழிக்க முடியாது. கதவுகளுக்கு நான்தான் செலவழித்தேன்.

அதனால் அடுத்த முறை குடும்பமாகப் பார்த்தேன். 2021 செப்டம்பரில் வந்தவரை இங்கே தம்பி என்றே குறிப்பிடுகிறேன். பருத்தித்துறைப் பக்கத்துக்காரர். சொந்தமாக ஒரு பெரிய லொறி வைத்து அமெரிக்காவுக்குச் சரக்கு ஓட்டினார். மனைவி, ஏழு வயதிலும் நான்கு வயதிலும் இரண்டு பிள்ளைகள். கடன் மதிப்பெண் அறிக்கை கேட்க வேண்டும், வேலைக் கடிதம் கேட்க வேண்டும், முந்தைய வீட்டுக்காரருக்குப் போன் செய்ய வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். நான் எதையும் கேட்கவில்லை. வீடு பார்க்க வந்த அன்று அந்தப் பெண் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, சமையலறையின் கிழக்கு ஜன்னலைப் பார்த்து, "காலமை வெயில் வரும் என்ன?" என்று கேட்டார். அது போதுமாக இருந்தது. மாதம் 2,400 டாலர்.

இரண்டு வருடம் ஒன்றாம் தேதி காலையில் பணம் வந்துவிடும். பொங்கலுக்குப் பொங்கல் ஒரு பாத்திரம் சர்க்கரைப் பொங்கல் எங்கள் வீட்டுக்கு வந்தது. வாசல் பனியைத் தானே வெட்டினார். நான் வாடகையைக் கூட்டவே இல்லை.

பிறகு வட்டி ஏறியது. 2022 மார்ச்சில் தொடங்கி 2023 ஜூலைக்குள் கனடா மத்திய வங்கி பத்து முறை வட்டியைக் கூட்டியது. 0.25 சதவீதம் 5 சதவீதமானது. அந்த வீட்டின் மேல் எனக்கு 4,20,000 டாலர் கடன், மாறும் வட்டியில். மாதம் சுமார் 1,600 டாலர் கூடுதலாகப் போனது. பழைய வீடுகளுக்கு 2023இல் மாகாணம் அனுமதித்த வாடகை உயர்வு 2.5 சதவீதம். 2,400க்கு அது 60 டாலர். 1,600க்கு எதிராக 60. அதைக் கேட்கவும் எனக்குக் கூச்சமாக இருந்தது.

எனக்கு ஏறிய அதே வட்டி தம்பியின் லொறிக் கடனுக்கும் ஏறியிருந்தது என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. கொரோனாக் காலத்தில் கொழித்த சரக்குத் தொழில் அந்த வருடம் படுத்துவிட்டது. நவம்பரில் போன் வந்தது.

"அண்ணை, கோவிக்காதேங்கோ. இந்த மாசம் பாதிதான் தரக்கூடியதா இருக்கு. லோட் ஒண்டும் வருதில்லை."

"பரவாயில்ல தம்பி, அடுத்த மாசம் சேர்த்துக் குடுங்க."

டிசம்பரில் ஒன்றும் வரவில்லை. ஜனவரியிலும் வரவில்லை. 6,000 டாலர் நின்றது. நான் ஓவர் டிராஃப்டில் கடன் தவணை கட்டினேன். கோடையில் ஊருக்குப் போக வைத்திருந்த பணம் கரைந்தது. மனைவி ஒன்றும் சொல்லாமல் இருந்தாள், பிறகு சொன்னாள்: "அவங்க கஷ்டம் நிஜந்தான். நம்ம கஷ்டமும் நிஜந்தானே? அதை யாருகிட்ட சொல்றது?"

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவுக்குப் போன் செய்வேன். அம்பத்தூரில் தன் ஃபிளாட்டில் இருக்கிறார், எண்பத்தொரு வயது. ஏழு வாடகை வீடுகள் மாறிய மனிதர். அவரிடம் ஆறுதல் கிடைக்கும் என்று சொன்னேன். "மூணு மாசமா? காலி பண்ணச் சொல்லுடா. ஈரம் பாத்தேன்னா உன் தலையில ஏறி உக்காருவான்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். அப்பாவே சொல்லிவிட்டார்.

ஜனவரி இரண்டாம் வாரம் என்-4 என்ற படிவத்தை நிரப்பி அவர்கள் தபால்பெட்டியில் போட்டேன். பாக்கி இவ்வளவு, பதினான்கு நாளில் கட்டாவிட்டால் வீட்டைக் காலி செய்யச் சொல்லி மனுப் போடுவேன் என்கிற அறிவிப்பு. அதற்குள் கட்டிவிட்டால் அந்தக் காகிதம் செல்லாது. அன்று தம்பி கூப்பிடவில்லை. அவர் மனைவிதான் ஒரு செய்தி அனுப்பினார்: "கிடைச்சது அண்ணா."

அதற்கு அடுத்த வாரம் கடும் குளிர். இரவு ஒன்பது பத்துக்குத் தம்பியிடமிருந்து செய்தி. "அண்ணை, ஃபர்னஸ் நிண்டு போச்சு. வீடு குளிருது."

வெளியே மைனஸ் பத்துக்கும் கீழே. இருபத்து நான்கு மணி நேரமும் ஆள் அனுப்பும் ஒரு நிறுவனத்தின் எண் என் போனில் இருந்தது. இரவில் கூப்பிட்டால் கூடுதல் கட்டணம், நானூறு டாலர் ஆகும். போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆறாயிரம் பாக்கி. அதன் மேல் நானூறா? பணம் தராதவருக்கு இந்த நேரத்தில் ஓடிப்போய்ச் செய்ய வேண்டுமா? அதற்குக் கீழே இன்னொரு நினைப்பும் இருந்தது. ஓர் இரவு குளிர்ந்தால்தான் என்ன, அப்போதாவது உறைக்கட்டும்.

"இப்ப யாரும் கிடைக்கலை தம்பி. காலைல முதல் வேலையா ஆள் அனுப்பறேன்" என்று பதில் போட்டேன்.

நான் யாரையும் கூப்பிட்டிருக்கவில்லை. மனைவி கேட்டபோது அவளிடமும் அதையே சொன்னேன். "சரிங்க அண்ணை, நன்றி" என்று தம்பியின் பதில் வந்தது. விளக்கை அணைத்துப் படுத்த பிறகுதான் அந்த வாக்கியம் எனக்குப் புரிந்தது. மோட்டார் ரிப்பேர் சார், ஆள் வரணும்.

அப்போதாவது எழுந்து கூப்பிட்டேனா? இல்லை. இரவு ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் விழிப்பு வந்தது. இந்நேரம் தூங்கியிருப்பார்கள், எழுப்பினால் பிள்ளைகளுக்குத் தொந்தரவு என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். காலை ஏழரைக்குக் கூப்பிட்டேன். பதினொரு மணிக்கு ஆள் வந்தார். நானும் போனேன். சுவரில் இருந்த கருவி 11 டிகிரி காட்டியது. குளிர்காலத்தில் வாடகை வீட்டில் குறைந்தது 21 டிகிரி இருக்க வேண்டும் என்பது டொராண்டோ நகர விதி. நால்வரும் ஓர் அறையில் சின்ன மின் ஹீட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறார்கள். பெரியவன் பனிக்கால ஜாக்கெட்டோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். வந்தவர் தீ மூட்டும் சின்னப் பாகம் ஒன்றை மாற்றினார். இருபது நிமிடம், 280 டாலர்.

அந்தப் பெண் தேநீர் போட்டுக் கொடுத்தார். "உங்களுக்குத்தான் வீண் அலைச்சல் அண்ணா" என்றார். கோப்பையைப் பிடித்திருந்த கையில் கையுறை, விரல் நுனிகள் வெட்டப்பட்டது. நான் தேநீரைக் குடித்தேன்.

ஒன்டாரியோ சட்டப்படி வீட்டுக்காரன் வெப்பத்தை, தண்ணீரை, மின்சாரத்தை நிறுத்துவது குற்றம். வாடகை எத்தனை மாதம் நின்றாலும் குற்றம்தான். பூட்டை மாற்றுவதும் அப்படித்தான். வெளியேற்றும் ஆணை கையில் இருந்தாலும் ஷெரிஃப் வந்துதான் வெளியேற்ற வேண்டும், நாம் கதவைத் தொடக்கூடாது. வீட்டைப் பார்க்கப் போவதென்றால்கூட இருபத்து நான்கு மணி நேரத்துக்கு முன் எழுதிக் கொடுக்க வேண்டும். இதையெல்லாம் படித்தபோது எல்லா வீட்டுக்காரர்களையும் போல நானும் முணுமுணுத்திருக்கிறேன், வீடு யாருடையது என்று. நான் எதையும் நிறுத்தவில்லை, தாமதப்படுத்தினேன். பதினான்கு மணி நேரம். எந்த வாரியமும் இதற்காக என்னைக் கேட்டிருக்காது.

பதினான்கு நாள் கெடு முடிந்ததும் வெளியேற்றக் கோரி எல்-1 மனுவைப் போட்டேன். இணையத்தில் போட 186 டாலர். எனக்கு உதவிய சட்ட உதவியாளர் கணக்குகளை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். கடைசி மாத வாடகையை முன்பணமாக வைத்திருக்கிறீர்களே, வருடா வருடம் அதற்கு வட்டி கொடுத்தீர்களா? எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. வாடகை உயர்வுக்கு எத்தனை சதவீதமோ அத்தனை சதவீதம் வட்டியும் தர வேண்டும். 2022க்கு 1.2 சதவீதம், 2023க்கு 2.5. ஆக 88 டாலர் 80 சென்ட் நான் தம்பிக்குப் பாக்கி. தொகை பெரிதல்ல. ஆனால் பாக்கி வைத்தவர் ஒருவர்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

விசாரணைக்கு ஆறு மாதம் காத்திருந்தேன். வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் வழக்குகளைத் தீர்க்கும் வாரியத்தில் 38,000க்கும் மேற்பட்ட மனுக்கள் தேங்கிக் கிடப்பதாக ஒன்டாரியோவின் ஆம்புட்ஸ்மன் 2023 மே மாதம் அறிக்கை வெளியிட்டிருந்தார். வீட்டுக்காரர்கள் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள் என்பதை நம் கல்யாண வீடுகளில், கோயில் மண்டபங்களில் எல்லாரும் பேசிக் கேட்டிருக்கிறேன். அதே அறிக்கையில், குடியிருப்பவர்கள் போட்ட மனுக்கள் இரண்டு வருடம்வரை கிடக்கின்றன என்றும் இருந்தது. அதைப் பற்றி எந்தக் கல்யாண வீட்டிலும் நான் கேட்டதில்லை. எங்கள் மேசைகளில் உட்காருபவர்கள் பெரும்பாலும் வீடு வைத்திருப்பவர்கள்.

அந்த மாதங்களில் நானும் தம்பியும் பேசிக்கொள்ளவே இல்லை. ஏப்ரலில் லொறி போனது, கடன் கொடுத்த நிறுவனம் எடுத்துக்கொண்டது. அவர் ஒரு கிடங்கில் இரவு வேலைக்குச் சேர்ந்தார். மே மாதம் ஒன்றாம் தேதி முழு வாடகை வந்தது, ஜூனிலும் வந்தது. நவம்பரில் பாதி, டிசம்பரிலிருந்து ஏப்ரல்வரை ஐந்து மாதம். மொத்தப் பாக்கி 13,200 டாலர்.

ஜூலையில் விசாரணை. இப்போதெல்லாம் வீடியோவில்தான். என் அலுவலகக் கூட்டங்களைப் போலவே சதுரம் சதுரமாக முகங்கள். எங்களுக்கு முன் ஒரு முதியவரின் வழக்கு. பென்ஷனுக்குப் பதில் ஒரே ஒரு வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறார், பதினோரு மாதமாக ஒரு காசு வரவில்லை. பேசும்போது அவர் குரல் நடுங்கியது. அவர் வலிக்கு இந்த ஊரில் அனுதாபம் குறைவு. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் முறை வந்தது. பாக்கித் தொகையைத் தம்பி மறுக்கவில்லை. வாரிய உறுப்பினர் அவரிடம் ஒரு கேள்வி கேட்டார். வீட்டில் ஏதாவது பழுது, பராமரிப்புக் குறை இருந்ததா? வாடகை பாக்கி வழக்கில் குடியிருப்பவர் இதையும் எழுப்பலாம். நிரூபித்தால் தொகையில் கழிவு கிடைக்கும். எனக்கு வயிறு கலங்கியது. அந்த இரவின் செய்திகள் இருவர் போனிலும் இருந்தன.

தம்பி தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். "ஒன்றும் இல்லை. ஜனவரியில் ஃபர்னஸ் நின்றது. இரவில் சொன்னோம். அடுத்த நாளே ஆளைக் கூட்டிவந்து திருத்தித் தந்தார். நல்ல வீட்டுக்காரர்."

நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். ஒலியை நிறுத்தி வைத்திருந்த பொத்தான் என் விரலுக்குக் கீழே இருந்தது. நான் அதை அழுத்தவில்லை.

உறுப்பினர் எங்களைச் சமரசம் பேச அனுப்பினார். மாத வாடகையோடு 600 டாலர் சேர்த்து, இருபத்திரண்டு மாதத்தில் பாக்கியைக் கட்டுவது என்று முடிவாயிற்று. மனுக் கட்டணம் 186ஐ விட்டுவிட்டேன். முன்பண வட்டியைத் தனியாக அனுப்பினேன். சட்ட உதவியாளருக்கு அது பிடிக்கவில்லை. பிள்ளைகள் இருக்கிற வீட்டை வாரியம் அவ்வளவு சுலபத்தில் காலி செய்யச் சொல்லாது என்று அவரே முன்பு சொன்னவர்தான். ஆனால் நான் ஒப்புக்கொண்டதற்கு அது காரணமில்லை.

ஒன்பது மாதம் சொன்னபடி கட்டினார். 2025 பிப்ரவரியில் அறுபது நாள் முன்னறிவிப்பு கொடுத்தார். ஓஷாவாவில் மனைவியின் அண்ணன் வீட்டு பேஸ்மென்டுக்குப் போகிறார்களாம். ஏப்ரல் கடைசியில் சாவி கொடுத்தபோது வீடு நான் கொடுத்ததைவிடச் சுத்தமாக இருந்தது. 7,800 டாலர் மிச்சம். "தந்து முடிப்பன் அண்ணை" என்றார். ஆணையை வைத்துச் சிறு வழக்கு நீதிமன்றம் போகலாம் என்றார்கள். போகவில்லை. மாதம் 300 வருகிறது. இரண்டு மாதம் வரவில்லை, மூன்றாவது மாதம் 600 வந்தது.

அன்றிரவு யாரையும் கூப்பிடாமலேதான் அப்படிச் சொன்னேன் என்று அந்த வாசலில் வைத்துச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். பெரியவன் சைக்கிளை வண்டியில் ஏற்ற முடியாமல் தவித்தான். பிடித்து ஏற்றிவிட்டேன். அவர்கள் போய்விட்டார்கள். தம்பி இந்த இதழைப் படிப்பவரல்ல. யாராவது அவருக்கு அனுப்பினால் அனுப்பட்டும்.

அப்பாவிடம் மட்டும் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மோட்டார், ஃபர்னஸ் எல்லாவற்றையும் சேர்த்து. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு கேட்டார்: "குழந்தைங்க இருந்துதா வீட்ல?" இருந்தது என்றேன். "ம்" என்றார். சர்க்கரை மாத்திரை மாற்றிக் கொடுத்திருக்கிறார் டாக்டர் என்று வேறு பேச்சுக்குப் போய்விட்டார். காலி பண்ணு என்று அதற்குப் பிறகு எந்த வீட்டைப் பற்றியும் அவர் சொன்னதில்லை.

இப்போது வேறொரு குடும்பம் இருக்கிறது. இந்த முறை கடன் மதிப்பெண், வேலைக் கடிதம், பழைய வீட்டுக்காரர் எல்லாம் கேட்டேன். ஒவ்வோர் அறையையும் படமெடுத்து வைத்தேன். கோபமும் கணக்கும் மறுபடி ஒருநாள் வரத்தான் செய்யும், அப்போதும் நான் நல்லவனாக இருப்பேன் என்று எனக்கு நம்பிக்கையில்லை. அதனால் அந்த இருபத்து நான்கு மணி நேர நிறுவனத்தோடு வருட ஒப்பந்தம் போட்டு, பணத்தை முன்கூட்டியே கட்டிவிட்டேன். எண்ணைப் பெரிதாக எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். கீழே ஒரு வரி: ஃபர்னஸ் நின்றால் முதலில் இவர்களைக் கூப்பிடுங்கள், என்னிடம் கேட்க வேண்டாம்.